விடுங்க, நானே பாத்துக்கறேன்

கேஸ் சிலிண்டர் தோளில் ஏறிவிட்டது. கொண்டுவந்த ஆள் மாடிப்படிக்குக் கீழே வெறுங்கையோடு நிற்கிறார். "கீழ போட்டுடாத பாப்பா, என் வேலை போயிடும்" என்கிறார். முதல் மாடித் திருப்பத்திலிருந்து பதில் வருகிறது: "விடுங்கண்ணா, நானே பாத்துக்கறேன்." மூன்றாம் மாடியில் இறக்கி வைத்துவிட்டு, காலி சிலிண்டரோடு திரும்பி வரும்போது, மூச்சு வாங்குவது தெரியக்கூடாதென்று உதட்டை இறுக்கிக்கொள்கிறாள். அந்த ஆளுக்குச் செய்கிற உபகாரம் என்று நினைத்துவிட வேண்டாம். இது பயிற்சி. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பாப்பாவுக்கு ராணுவ அகாடமியில் சேர வேண்டும்.

பாப்பா என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். வாசல் நிலையில் தலை இடிக்கும் அளவுக்கு வளர்ந்த பிறகும் யாரும் அதை மாற்றவில்லை. சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்து ஒரு வருஷப் படிப்பு போனதால் வகுப்பில் அவள்தான் மூத்தவள். பதினெட்டு முடிந்த கையோடு ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் எடுத்துவிட்டாள். நான் அவர்கள் வீட்டுக்கு நேர் கீழே குடியிருக்கிறேன். என் தலைக்கு மேலே ஸ்கிப்பிங் கயிறு தரையில் அடிக்கிற சத்தத்தில்தான் எனக்குப் பொழுது விடிகிறது. பொது அறிவுக்காகச் செய்தித்தாளை மாடிப்படியில் நடந்துகொண்டே உரக்கப் படிப்பாள். எங்கள் கட்டடத்தில் காய்கறி விலை தெரியாதவர்கள் உண்டு. எந்த நாட்டில் யார் பாதுகாப்பு மந்திரி என்று தெரியாதவர்கள் இல்லை.

அப்பா நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர். விருந்தாளி மாதிரி வந்து, துவைத்த துணியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விடியற்காலை ஷிஃப்ட். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. பாப்பா ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பும் வழியில் பள்ளி மைதானத்தில் ஓடுவாள். வீட்டுக்கு வந்து சமைப்பாள், தண்ணீர் பிடிப்பாள், நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போவாள். அம்மா ஒரு பாத்திரத்தைத் தேய்க்கப் போனால்கூட, "விடும்மா, நானே பாத்துக்கறேன்" என்று கையிலிருந்து வாங்கிவிடுவாள்.

பள்ளியிலும் இதே கதைதான். ஐந்து பேர் சேர்ந்து செய்ய வேண்டிய அறிவியல் திட்டத்தை ஒருத்தியே செய்தாள். செய்ததோடு விட்டாளா? மற்ற நான்கு பேருடைய பக்கங்களையும் நான்கு விதமான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள். ஒன்று இடப்பக்கம் சாயும், இன்னொன்று எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும். "சொல்லிப் புரிய வெச்சு, அவங்க எழுதி, அதைத் திருத்தி... அதுக்குள்ள நானே எழுதிடலாம்" என்று என்னிடம் கணக்கு சொன்னாள்.

எழுத்துத் தேர்வில் முதல் தடவையிலேயே தேறினாள். அடுத்தது தேர்வு முகாம். வேறு ஊரில் தங்கவைத்து, ஓடவிட்டு, பேசவிட்டு, குழுவாக வேலை வாங்கிப் பார்ப்பார்கள். சிலிண்டர் தூக்குகிறவளுக்கு இதெல்லாம் ஜுஜுபி என்று கட்டடமே முடிவு கட்டியிருந்தது.

போன வேகத்தில் திரும்பி வந்தாள். பையைக்கூட மேலே கொண்டுபோகாமல் என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் தண்ணீர் கொடுத்தேன்.

"எல்லாத்துலயும் நான்தான் ஃபர்ஸ்ட், ஆன்ட்டி" என்றாள். "ஆறு பேர் ஒரு டிரம்மை பலகை வழியா அந்தப் பக்கம் கொண்டு போகணும். கால் தரையில படக்கூடாது. நானே பலகையைப் போட்டேன், நானே டிரம்மைத் தூக்கிட்டுத் தாண்டினேன். திரும்பிப் பாத்தா அஞ்சு பேரும் ஆரம்பிச்ச இடத்துலயே நிக்கறாங்க. விசில் ஊதிட்டாங்க."

நேர்முகத்தில் ஓர் அதிகாரி, வீட்டில் என்னென்ன வேலை செய்வாய் என்று கேட்டாராம். இவளுக்குக் குஷி. சமையல், தண்ணீர், சிலிண்டர், அம்மாவைக் கொண்டுபோய் விடுவது என்று ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறாள்.

"அப்போ வீட்ல மத்தவங்க என்ன பண்ணுவாங்கன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"சும்மா இருப்பாங்க சார்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. எதுக்குச் சிரிச்சாங்கன்னு ரயில்ல வரும்போதுதான் புரிஞ்சுது."

அன்று சாயங்காலம் அவள் அம்மா என்னிடம் உப்பு வாங்க வந்தார். மகளுக்குக் கிடைக்காததில் வருத்தம்தான் என்று வாய் சொன்னது. ஆனால் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. "கழுதை, போனா போகுது. இங்கயே ஏதாவது காலேஜ்ல சேந்துக்கட்டும். இவ இல்லாம காலைல நான் எப்படி வேலைக்குப் போவேன், சொல்லுங்க" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தைப் படியிலிருந்து பாப்பாவும் கேட்டாள். அவள் முகம் எனக்குத் தெரிந்தது. அம்மா படிக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். அடுத்த முகாமுக்கு இன்னொரு தடவை எழுத வேண்டும், எழுதத் தயார். அதற்கு முன்னால் அம்மா ஸ்கூட்டர் கற்றுக்கொள்ள வேண்டும்.

"எனக்கு பிரேக்கைப் பிடிச்சாலே கை நடுங்கும்டீ."

"பிடிச்சுக்கிட்டே நடுங்கும்மா."

பழகுநர் உரிமம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளி மைதானத்துக்குக் கூட்டிப்போனாள். நான் அங்கே நடக்கப் போகிறவள், எல்லாவற்றையும் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் பாப்பா மோசமான வாத்தியார். வண்டியோடு கூடவே ஓடுவாள். அம்மா கொஞ்சம் தடுமாறினால் போதும், வாய் பேசுவதற்குள் கை போய்விடும். ஹாண்டிலை இவளே திருப்புவாள், பிரேக்கை இவளே பிடிப்பாள். ஐந்தாறு வாரம் போயும் அம்மாவுக்கு ஹாரன் அடிக்க மட்டும்தான் வந்தது.

ஒரு ஞாயிறு, திருப்பத்தில் வண்டி லேசாக ஆடியது. பாப்பா பாய்ந்து பிரேக்கைப் பிடித்து இழுத்தாள். வண்டி சாய்ந்து அம்மாவைச் செம்மண்ணில் தள்ளியது. முழங்கை உரிந்து ரத்தம் வந்தது. பாப்பா பதறிப்போய் வண்டியைத் தூக்கக் குனிந்தாள்.

"தொடாத" என்றார் அம்மா.

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. பாப்பாவும் கேட்டிருக்க மாட்டாள். குனிந்தது குனிந்தபடி நின்றாள்.

"நான் ஒழுங்காத்தான் திருப்பினேன். உன் கைதான் என்னைத் தள்ளிச்சு. நீயே பிடிச்சு நீயே ஓட்டறதுக்கு நான் எதுக்கு மேல உக்காந்திருக்கேன், மூட்டை மாதிரி?" முழங்கையை ஊதிக்கொண்டு அம்மா எழுந்தார். "தள்ளிப் போ. எப்படித் தூக்கறதுன்னு மட்டும் சொல்லு."

பாப்பா தள்ளிப் போனாள். அங்கிருந்தே சொன்னாள். "வண்டிக்கு முதுகைக் காட்டி உக்காரும்மா. இடுப்பை சீட்டுல முட்டுக் கொடு. கையால தூக்காத, காலால எழுந்திரு." இரண்டு தடவை முடியவில்லை. மூன்றாவதில் வண்டி நின்றது. அம்மா அதைத் தட்டிக்கொடுத்துவிட்டு மகளைத் திரும்பிப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு பாப்பா மைதானத்தின் எதிர்க் கோடியில் நின்றுகொண்டு சத்தம் போட்டுச் சொல்லப் பழகினாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. வீட்டிலும் சில மாற்றங்கள். சிலிண்டரின் ஒரு முனையை அந்த ஆள் பிடிக்க அனுமதி கிடைத்தது. அவள் அம்மா பாத்திரம் தேய்க்கும்போது பாப்பா வெளியே வந்து மாடித் தாழ்வாரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உள்ளே ஒரு தட்டு விழும். அவள் தோள் துடிக்கும். போக மாட்டாள்.

அம்மா லைசென்ஸ் வாங்கிய மாதத்தில்தான் இரண்டாவது முகாம் வந்தது. திரும்பி வந்தபோது என்ன நடந்ததென்று கேட்டேன். "இந்த வாட்டி நான் நடுப்பலகையில நின்னுட்டேன், ஆன்ட்டி. கண்ணாடி போட்ட பொண்ணு ஒருத்தி, கடைசி வரைக்கும் வர மாட்டேன்னு நின்னா. அவகிட்ட பேசிப் பேசியே வர வெச்சோம். டிரம்மை நான் தொடவே இல்லை" என்றாள். ஏதோ ஒரு கெட்ட பழக்கத்தை விட்டவள் மாதிரி இருந்தது அவள் சொன்ன விதம். மருத்துவப் பரிசோதனையில் காதில் அழுக்கு என்று திருப்பி அனுப்பினார்கள். சுத்தம் செய்துகொண்டு மறுபடி போனாள். தேர்வானவர்கள் பட்டியலில் அவள் பெயர் இருந்தது.

அப்பாவுக்கு போனை ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். எங்கேயோ ஒரு சாலையோரத்திலிருந்து பேசினார். "சந்தோஷம்மா" என்றார். அப்புறம், "ஆனா உங்கம்மா காலைல ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவா?"

"வண்டியிலதான்."

"யாரு ஓட்டுவா?"

பாப்பா போனை அம்மா கையில் கொடுத்தாள். "நான்தாங்க" என்றார் அம்மா.

போன வாரம் அகாடமிக்குக் கிளம்பினாள். ஆட்டோ கூப்பிடட்டுமா என்று கேட்டேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பையைக் கால் வைக்கிற இடத்தில் நிறுத்தினார்கள். அம்மா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு முன்னால் ஏறினார், பாப்பா பின்னால். எங்கள் தெருமுனையில் பெரிய சாலை. நான் கேட் அருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி முனையை எட்டிய நேரம், இடப்பக்கத்திலிருந்து ஒரு பஸ் திரும்பியது. ஸ்கூட்டர் ஒரு தடவை ஆடியது. பாப்பாவின் கைகள் இரண்டும் அம்மாவின் தோளுக்கு மேலே எழுந்தன. அங்கேயே ஒரு கணம் நின்றன. பிறகு அவற்றைக் கீழே இறக்கி, தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேலேயே அழுந்த உட்கார்ந்துகொண்டாள்.