கிள்ளான் வரைக்கும்

பெர்மிட் செவ்வாய்க்கிழமையோடு முடிகிறது. வெளிநாட்டில் கார் ஓட்டுவதற்கென்று ஊரில் வாங்கியது. ஒரு வருடத்துக்குத்தான். பதினோரு மாதம் பெட்டியிலேயே கிடந்தது.

ஊரில் நான் டிரைவர். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி வண்டி. ஆறு வருடம் ஓட்டினேன். பத்தாவதுக்கு மேல் படிப்பு ஏறவில்லை. மாமா சொன்னார் என்று இருபத்தேழு வயதில் கோலாலம்பூருக்குச் சமையல் படிக்க வந்தேன். பிரிக்ஃபீல்ட்ஸில் அறை. காலேஜ் விட்டால் அறை, அறை விட்டால் காலேஜ். ராத்திரி தூக்கத்தில் என் கால் கிளட்சை மிதிக்கிறது என்று அறையில் இருப்பவர்கள் சிரித்தார்கள்.

பெர்மிட் முடிவதற்குள் ஒரு தடவையாவது ஓட்ட வேண்டும். வேறு ஆசை இல்லை.

கூடப் படிக்கிற தம்பி ஒருவன் கிள்ளான் பக்கத்தில் மேரு என்கிற ஊரைச் சேர்ந்தவன். இருபது வயது. பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். அவனிடம் சொன்னேன். சனிக்கிழமை காலையில் அக்காவின் காரோடு வந்து நின்றான்.

“ரெண்டு நாள் சுத்தலாம்ணே. உங்களுக்கும் ஓட்டத் தரேன். கார்ல ஒரு கோடு விழுந்துச்சுன்னா அக்கா என்னக் கொன்னுரும், அத மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க.”

சனிக்கிழமை முழுக்க அவனே ஓட்டினான். சுபாங் ஜெயா தாண்டும்போது கேட்டேன். “ஜாம்ணே, அப்புறம்.” கிள்ளானில் கேட்டேன். “இங்க ஒரே மோட்டார்ணே, வேணாம்.” பைக்கை இங்கே மோட்டார் என்கிறார்கள். மேருவில் கேட்கவே முடியவில்லை. அவன் அக்கா வாசலில் நின்று காரை முன்னும் பின்னும் பார்த்தாள். அங்கேயே சாப்பிட்டுப் படுத்தோம். எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெராம் கடற்கரைக்குப் போனோம். தண்ணீர் உள்வாங்கி வெறும் சேறாகக் கிடந்தது. சுட்ட மீன் வந்தது. சமையல் படிக்கிறவன் நான், அதில் என்ன மசாலா என்று இன்றைக்கும் சொல்ல முடியாது. கார் சாவி மேசைமேல் இருந்தது.

“என்னண்ணே, மீனப் பாக்காம சாவியப் பாக்குறீங்க?”

“நேரமாகுது.”

“கடலையாவது பாருங்களேன்.”

“பாத்தாச்சு.”

சிரித்துவிட்டு சாவியை என் பக்கம் தள்ளினான். “இந்தாங்க. கிள்ளான் வரைக்கும். அதுக்கு மேல ஹைவே, நான் ஓட்டிக்கிறேன்.”

கிளட்ச் இல்லாத கார். இடது காலுக்கு வேலை இல்லை. இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம், ரோடு நல்ல ரோடு. கை தானாக வேலை செய்தது. முன்னால் போகிறவனை முந்துமுன் ஒரு ஹாரன், பக்கத்தில் போகும்போது ஒன்று, தாண்டியதும் ஒன்று. எங்கள் மலைப்பாதையில் அதுதான் மரியாதை. அடிக்காமல் முந்தினால் சண்டைக்கு வருவார்கள். மூன்று கார், ஒரு வேன் அப்படித் தாண்டினேன். தம்பி சீட்டில் சரிந்து உட்கார்ந்து முகத்தை மறைத்துக்கொண்டான்.

“அண்ணே, எதுக்கு ஹோன் அடிக்கிறீங்க?”

“அடிக்காம எப்படிப் போறது?”

அவன் பதில் சொல்வதற்குள் ஒரு மணல் லாரியையும் தாண்டிவிட்டேன். மூன்று ஹாரன்.

அடுத்த சிக்னலில் சிவப்பு. லாரி எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்தான். தமிழன், என் வயதுதான் இருக்கும். கண்ணாடியைத் தட்டினான்.

“பாஸ், என்னா பிரச்சன? நேராத்தான போறேன். மூணு வாட்டி ஹோன் அடிக்கிற?”

“சாரிண்ணே,” என்றான் தம்பி. “ஊர்லேருந்து வந்தவரு, தெரியாது.”

“நான் வர்றேன்னு சொல்றதுக்கு அடிச்சேன்,” என்றேன்.

“வந்தா வந்துட்டுப் போ லா! சொல்லிட்டா வரணும்?”

“எங்க ஊருல லாரிக்குப் பின்னாடியே எழுதியிருக்கும். ஹாரன் அடிங்கன்னு.”

என்னையே பார்த்தான். பிறகு சிரித்தான். “எழுதி வச்சே கேட்டு வாங்குறாங்களா? இங்க ஹோன் அடிச்சா அம்மாவத் திட்டின மாதிரி பாஸ்.”

மூன்று கார், ஒரு வேன், இந்த லாரி. பதினைந்து தடவை திட்டியிருக்கிறேன்.

பச்சை விழுந்துவிட்டது. பின்னால் நாலைந்து கார்கள் நின்றன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.

தம்பி பெல்ட்டைக் கழற்றினான். “இறங்குங்கண்ணே, நான் ஓட்டுறேன்.”

நான் ஸ்டியரிங்கை விடவில்லை. “கிள்ளான் வரைக்கும்னு சொன்ன.”

“அப்ப எனக்குத் தெரியாதுல்ல.”

“இனி ஒரு தடவ அடிச்சா நானே இறங்கிடறேன்.”

லாரிக்காரன் கேட்டுக்கொண்டே நின்றான். “இவரு ஹோன் இல்லாம ஓட்டிருவாராக்கும்? சரி, கிள்ளான் வரைக்கும் என் பின்னாலயே வரச் சொல்லு. முந்தக் கூடாது. கண்ணாடியில பாத்துக்கிட்டே போவேன்.”

முன்னால் போனான். ஐம்பதுக்கு மேல் போகவில்லை. மணல் பறந்து கண்ணாடியில் விழுந்தது. வலது பக்கம் ரோடு காலியாகும், மறுபடி அடையும், மறுபடி காலியாகும். ஊரில் என்றால் நாலு தடவை முந்தியிருப்பேன். ஸ்டியரிங்கைக் கீழ்ப்பக்கமாகப் பிடித்துக்கொண்டேன், உள்ளங்கை நடுவிலிருக்கும் ஹாரனில் படாமல். தம்பி ரோட்டைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு வந்தான்.

காப்பார் ஊரைத் தாண்டி ஒரு மோட்டார் சந்திலிருந்து குறுக்கே பாய்ந்தது. பிரேக் போட்டேன். கை ஹாரன்மேல் போய்விட்டது.

“அமுக்கலல்ல?”

“இல்ல.”

“கை எடுங்கண்ணே, முதல்ல.”

எடுத்தேன்.

கிள்ளானுக்குக் கொஞ்சம் முன்னால் லாரி துறைமுகத்துப் பக்கம் திரும்பியது. திரும்பும்போது குட்டியாக இரண்டு ஹாரன் அடித்தான்.

“இதுவும் திட்டா?”

“இது நல்ல ஹோன்ணே.”

“எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“தெரியும்லா.”

“அப்ப நானும் ஒண்ணு.”

“வேணவே வேணாம்ணே.”

கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டிக் காட்டினேன். அவன் பார்த்தானா தெரியாது.

கிள்ளான் போர்டு வந்தது. ஓரமாக நிறுத்தி சாவியைக் கொடுத்தேன். இறங்கிச் சுற்றி வந்து இடது பக்கம் உட்கார்ந்தேன். தம்பி ஹைவேயில் ஏறினான். ஒரு சத்தமும் போடாமல் ஒவ்வொரு காராக முந்தினான். எல்லோரும் வழி விட்டார்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வரும்வரை என் வலது கால் பிரேக்கைத் தேடிக்கொண்டே வந்தது.