புஷ்பராணிக்காக நிரப்பப்பட்ட இருபத்தொரு பதில்கள்

பரமநாதனின் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து பினாங்குக்கு வந்த கிளார்க், அப்பா கிளார்க், அவரும் ஜார்ஜ் டவுனில் முப்பத்திரண்டு வருடம் கிளார்க். ஆகவே புஷ்பராணியைக் கைப்பிடித்த நாள் முதல் அவளுடைய பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு, நூலக அட்டை அத்தனைக்குமான படிவங்களைக் கறுப்பு மையில் அவரே நிரப்பினார். அவர் விரல் வைத்துக் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவது அவள் பங்கு.

உறவு வட்டாரத்தில் இது முன்மாதிரித் திருமணம் என்று ஒருமனதாக முடிவாகியிருந்தது. மனிதர் குடிப்பதில்லை, நாலு நம்பர் லாட்டரி எடுப்பதில்லை, குரல்கூட உயர்த்துவதில்லை. அப்படிப்பட்டவரின் மனைவிக்கு நெஞ்சு படபடப்பதும், சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அவள் அழுவதும் எந்த விதியின்கீழும் செல்லாது. "உனக்கென்ன குறை?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். புஷ்பராணியும் நேர்மையாகத் தேடிப் பார்த்தாள். குறை அகப்படவில்லை. அகப்படாததில் படபடப்பு இன்னும் கூடியது.

கிளினிக்கில் இருதயத்தைச் சோதித்து, அதன் பேரில் குற்றமில்லை என்று விடுவித்தார்கள். பிறகு நர்ஸ் தனுஜா ஒரு கேள்வித்தாளை நீட்டினாள். அதில் வரும் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் மனநல ஆலோசகரிடம் அனுப்புவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார்களாம். புஷ்பராணிக்குச் சின்னதாய் ஓர் ஆசை எட்டிப் பார்த்தது. இங்கேயாவது சொல்லிவிடலாம்.

தாளைப் பரமநாதன் வாங்கிக்கொண்டார். மலாய் மொழியில் இருந்த கேள்விகளைச் சுடச்சுடத் தமிழாக்கவும் தொடங்கினார்.

"இஞ்ச, இனி எதிர்பார்க்க ஒண்டுமில்லை எண்டு தோன்றினதோ? உமக்கு அப்பிடி இல்லைத்தானே?"

"அது வந்து..."

"இல்லை." 'இல்லை'க்கு உரிய சுழியத்தைச் சுற்றி அழகான வட்டம். "காரணமில்லாமல் பயந்தீரோ? அதுக்கு உமக்கென்ன விசரே? இல்லை."

பத்தே நிமிடத்தில் இருபத்தொரு கேள்வியும் முடிந்தது. மொத்த மதிப்பெண் சுழியம். தாளின்படி பினாங்குத் தீவிலேயே ஆக நிம்மதியான பெண் புஷ்பராணிதான். சுற்றுலாத் துறை அவளைப் படம் எடுத்துப் போட்டிருக்கலாம்.

தனுஜா தாளைப் பார்த்தாள். "அங்கிள், இது யாரு எழுதுனது?"

"நான்தான். ஏன் பிள்ளை, பிழை ஏதுமோ?"

"ஒரு பிழையும் இல்ல லா. அதான் பயமா இருக்கு. ஃபாரம் ஆன்ட்டிக்கு, உங்களுக்கில்ல."

"அவவுக்கு இதெல்லாம் பழக்கமில்லை."

"வட்டம் போடத் தெரியும்," என்றாள் புஷ்பராணி. சொன்னது தான்தானா என்று அவளே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

தனுஜா புதுத் தாளும் பேனாவும் கொடுத்து, அங்கிளை வெளியே நாற்காலியில் உட்காரவைத்தாள். அவர் கண்ணாடிக் கதவு வழியாக எட்டி எட்டிப் பார்த்தார், பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நிற்கும் பெற்றோர் போல. உள்ளே புஷ்பராணி முதல் கேள்வியை மூன்று தரம் படித்தாள். இல்லை, சில வேளை, அடிக்கடி, எப்போதும். 'எப்போதும்' மேல் விழுந்த வட்டம் முட்டைபோலக் கோணலாக வந்தது. அடுத்தது சற்று உருண்டது.

காரில் ஏறும்வரை பரமநாதன் பொறுத்தார். "எத்தனை?"

"நிறைய. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஆலோசகரிட்ட வரச்சொன்னவை. நான் பஸ்ஸில போவன்."

"பஸ்ஸிலயோ? நான் கொண்டுபோய் விடுறன்."

புஷ்பராணி யோசித்தாள். "சரி. வாசல் மட்டும்."

எந்த அலுவலகத்திலும் வாசலோடு நின்று பழகாத மனிதர், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, காரைக் கிளப்பாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.