சீப்பின் விரிசல்

எண்பதுகளின் கடைசியில், செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் நடந்த அகழாய்வில் நான் வேலை பார்த்தேன். மண்ணில் கிடைக்கும் பொருள்களை அளந்து பென்சிலால் வரைவது என் வேலை. ஒருநாள் எலும்பில் செய்த பழைய சீப்பு ஒன்று கிடைத்தது. நானே அதைக் கழுவினேன். பற்களை ஒவ்வொன்றாக வரைந்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

அந்த வாரம்தான் அவர் வந்தார். வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர், விடுமுறைக்குச் சென்னை வந்த இடத்தில் எங்கள் அகழாய்வைப் பார்க்க வந்திருந்தார். பழைய எலும்புக்குள் டி.என்.ஏ. கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம், கிடைத்தால் மாடா மானா என்று சொல்லிவிடலாம் என்றார். அதற்குச் சீப்பில் சின்னத் துளை போட வேண்டும்.

எங்கள் அதிகாரி ஒப்புக்கொள்ளவில்லை. "இத்தன வருஷம் மண்ணுக்குள்ள முழுசா இருந்துச்சு. நம்ம கைக்கு வந்தா ஓட்டையாவணும்?"

வந்தவர் கிளம்பப் பையை எடுத்தார். எனக்கு மனசு கேட்கவில்லை.

"சார், மூணாவது பல்லுக்கு அடியில ஒரு விரிசல் இருக்குது. வரையும்போது பாத்தேன். உள்ள ஊசி போவும். வெளிய கீறல் விழாது."

அவர் லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். "நான் கவனிக்கவே இல்லைங்க," என்றார்.

அதிகாரி சம்மதித்தார். காலை முழுக்க நான் பஞ்சின்மேல் சீப்பைப் பிடித்துக்கொள்ள, அவர் விரிசலுக்குள் ஊசியால் மெல்லச் சுரண்டினார். பொடி பறந்துவிடாதிருக்க இருவருமே மூச்சை அடக்கிக்கொண்டோம். ஒரு சிட்டிகைகூடத் தேறவில்லை. கிடைத்ததைக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக்கொண்டு மறுநாள் பஸ் ஏறினார். வேலை முடிந்துவிட்டதே என்று எனக்குத்தான் ஏக்கமாக இருந்தது.

பல மாதம் கழித்து என் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. மாடும் இல்லை, மானும் இல்லையாம். பொடியில் கிடைத்தது மனித டி.என்.ஏ. மட்டும். 'தொட்ட கைகளிலிருந்து ஒட்டியிருக்கிறது. உங்களுடையதாகவோ என்னுடையதாகவோ இருக்கலாம். கையுறை போட்டிருக்க வேண்டும், தவறு என்னுடையது,' என்று எழுதியிருந்தார்.

"வீணாப் போச்சு," என்றார் அதிகாரி.

நான் 'உங்களுடையதாகவோ என்னுடையதாகவோ' என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சீப்பு பத்திரமாக இருக்கிறது என்று பதில் எழுதினேன். எப்போது வருவீர்கள் என்று கேட்க நினைத்து, கேட்காமலே உறையை ஒட்டி அனுப்பினேன். அதன்பிறகு கடிதம் வரவில்லை. தபால்காரர் எங்கள் தெருவில் திரும்பும்போதெல்லாம், ரொம்ப நாள் வரைக்கும், கையிலிருந்த வேலை நின்றுபோகும்.