காளியாத்தாள் திறந்த கேட்

காளியாத்தாளின் பெயரை முதலில் என் நாத்தனார் நாச்சியம்மாள் வாயால்தான் கேட்டேன். குலதெய்வம் கோயில் பொங்கலுக்குப் போய் வந்தவள், "நம்ம கூட்டத்துல ஒரு புள்ள இருக்கறா அண்ணி. எல்லாத்தையும் அண்ணா அண்ணான்னு வாய் நெறையக் கூப்படறா" என்றாள். எங்களில் ஒரே கூட்டத்தில், அதாவது ஒரே குலத்தில், பிறந்தவர்கள் உடன்பிறந்தவர்கள் மாதிரி. வயதில் இளையவள் என்பதால் எனக்கு அவள் மகள் முறை.

காளியாத்தாள் தன் புருஷன் தவறியபின் பெருந்துறைப் பக்கம் ஒரு நூல் மில்லில் சேர்ந்தாள். ஒரு ஷிப்ட் முடிந்தாலும் வீட்டுக்கு விடமாட்டார்கள், அடுத்ததற்கும் நிற்க வேண்டும். அப்படி நின்றபடியே கண் அயர்ந்த கீதா என்ற பெண்ணின் விரல்களை மெஷின் இழுத்துவிட்டது. அன்றைக்குப் பெண்கள் எல்லா மெஷினையும் நிறுத்தி, கேட்டை உள்பக்கம் பூட்டிக்கொண்டார்கள். இனி யாரையும் கட்டாயப்படுத்தி நிறுத்தமாட்டேன் என்று முதலாளி வந்து சொல்ல வேண்டும் என்றார்கள்.

முதலாளியின் ஆட்கள் வெளியே கூடியதும் காளியாத்தாள் போலீஸுக்குப் போன் போட்டாள். அங்கே இன்ஸ்பெக்டராக இருந்த சென்னிமலை எங்கள் கூட்டத்துக்காரர், அவளுக்கு அண்ணன் முறை.

உடன் வேலை செய்த சின்னத்தாயி தடுத்திருக்கிறாள். "போலீச நாமளே எதுக்குக் கூப்படோணும்?"

"அண்ணன் அப்படியில்லீங்கக்கா. போன பொங்கலுக்கு என்ற கையால சோறு வாங்கித் தின்னவரு."

"சோறு மொதலாளி ஊட்லயுந்தான் ஆக்கறாங்க."

போலீஸ் ஜீப் வந்ததும் காளியாத்தாள் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தாள். "வாங்கண்ணா. நீங்க சொன்னா மொதலாளி கேப்பாருங்க."

"பேசிக்கலாம் அம்மணி. யாராரு முன்னால நின்னு செஞ்சீங்க?"

பேசத்தான் கேட்கிறார் என்று நினைத்தாள். சின்னத்தாயியில் தொடங்கி ஒவ்வொருத்தியாகக் கைகாட்டினாள். கைகாட்டியவர்களை எல்லாம் பின்னால் நின்ற வேனில் ஏற்றினார்கள். இவளும் ஏறப் போனாள்.

"நீ ஊட்டுக்குப் போ, தங்கச்சி" என்றாராம் அவர்.

அன்றே மெஷின்கள் ஓடின. ஷிப்ட் பழையபடியேதான். வேனில் போனவர்களுக்கு வேலை போயிற்று. அண்ணனோடு சேர்ந்து காட்டிக்கொடுத்துவிட்டாள் என்றே எல்லோரும் நம்பினார்கள். மன்னிப்புக் கேட்கப் போனபோது சின்னத்தாயி கதவைத் திறக்கவில்லை.

"என்னையும் ஏத்தியிருந்தா அவங்களோட போயிருப்பேனுங்க பெரியம்மா" என்று என்னிடம் சொன்னாள். அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

அதன்பிறகு அவளும் அந்த மில்லுக்குப் போகவில்லை. குலதெய்வம் கோயிலுக்கும் வருவதில்லை.

இப்போது பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிறாள். அங்கேயே பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருக்கிறாள்.