வவுனியா எண்டு சொல்லுங்கோ

யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் வந்திருக்கிறது என்று நான் சொன்னதும், என் கணவர் தைத்துக்கொண்டிருந்த சட்டையை இயந்திரத்திலிருந்து எடுக்காமலே, "வெளிச்சம் உள்ள வீடாப் பாரு" என்றார். அவர் தையற்காரர். மலையகத்து ஹட்டனில் நாங்கள் வாடகைக்கு இருந்த இரண்டு அறைகளில் ஒன்றுக்கு ஜன்னலே இல்லை. பகலிலும் விளக்கைப் போட்டுத்தான் ஊசியில் நூல் கோர்ப்பார். மூத்த மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. நல்ல பள்ளிக்கூடம் பக்கத்தில் வேண்டும் என்றாள். இளையவள், குளியலறை வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றாள். நான் தாதி. இரவுக் கடமை முடிந்து தனியாக வீடு திரும்பப் பயமில்லாத தெரு எனக்கு வேண்டியிருந்தது.

நானும் கணவரும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்கள். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் இருமுவதும் சண்டை போடுவதும் கேட்டுக்கொண்டே தூங்கியவர்கள். நாலு பக்கமும் எங்களுக்கே சொந்தமான சுவர் உள்ள வீட்டில், வாடகைக்கென்றாலும், ஒரு தடவையாவது இருந்துவிட வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

நான் முதலில் தனியாக வந்து, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கினேன். ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்குவதற்குள் வீடு பிடித்தாக வேண்டும். ஏழு வாரம் இருந்தது. தொலைபேசியில் விசாரிக்கத் தொடங்கினேன். மின்கம்பத்தில் ஒட்டியிருந்தது, முகநூலில் கண்டது, கடைக்காரர் சொன்னது என்று ஒன்றையும் விடவில்லை. எல்லோரும் மரியாதையாகவே பேசினார்கள். எத்தனை பேர், என்ன வேலை என்று கேட்டுவிட்டு, மூன்றாவதாக, "சொந்த இடம் எது?" என்பார்கள். ஹட்டன் என்பேன். ஒரு சின்ன அமைதி. "வீட்டுக்காரரோடை கதைச்சுப்போட்டு எடுக்கிறன், என்ன" என்பார்கள். யாரும் திரும்ப எடுக்கவில்லை.

எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் விளங்கியதை எனக்கே ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நாள் பிடித்தது. என்னோடு அதே வார்டில் வேலை செய்த மூத்த தாதி ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், நான் அக்கா என்று கூப்பிடுபவர், ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "தங்கச்சி, எங்கடை ஆக்களுக்கு ஊரைக் கேட்டால்தான் ஆளைத் தெரியும். உன்ரை ஊரை வைச்சு அவைக்கு ஒண்டும் பிடிபடேல்லை. அல்லது பிடிபட்டிட்டுது. எனக்கு வெக்கமாக் கிடக்கு."

அதற்குப் பிறகு மானிப்பாயில் ஒரு மேல்மாடி பார்த்தேன். வீட்டுக்காரர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி, கிறிஸ்தவர்கள். ஊரை அவர்களும் கேட்டார்கள். ஹட்டன் என்றதும் அந்த அம்மா, "நான் அங்கை நாலு வருசம் படிப்பிச்சனான்" என்று சொல்லி எந்தத் தேவாலயத்துக்குப் பின்னால் தங்கியிருந்தார் என்பதுவரை விவரித்தார். கேக் வெட்டித் தந்தார். எல்லாம் சரிவந்துவிட்டது என்றே நினைத்தேன். எழும்பும்போதுதான் அவர் கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "பிள்ளை, இரவு எட்டு மணிக்குக் கேற்றைப் பூட்டிப்போடுவம். எனக்கு இருதய வருத்தம். நித்திரை குழம்பினால் பிறகு உடம்புக்குக் கொள்ளாது." மாதத்தில் பாதி நாள் நான் அகாலத்தில் போய் வருபவள். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பஸ்ஸில் திரும்பும்போது, ஒரு நேர்மையான காரணத்துக்காக வீடு கிடைக்காமல் போனது எனக்கு ஏறக்குறைய நிம்மதியாக இருந்தது. அப்படி நினைத்ததை யோசிக்க இப்போதும் சிரிப்பு வருகிறது.

இனி நீ கதைக்காதே, நான் கதைக்கிறன் என்று அக்கா சொன்னார். கொக்குவிலில் அவருக்குத் தெரிந்த ஓர் அன்ரி இருந்தார். அவருடைய தங்கை கனடாவில் இருக்கிறார். தங்கையின் வீடு அன்ரி வீட்டுக்குப் பக்கத்து வளவில் பூட்டிக் கிடக்கிறது. நல்ல குடும்பம் என்றால் குறைந்த வாடகைக்கும் கொடுப்பார்கள், வீடு பழுதாகாமல் இருந்தால் போதும்.

"ஊர் கேட்டால் வவுனியா எண்டு சொல்லுவம்" என்றார் அக்கா. "அங்கை எல்லா இடத்து ஆக்களும் கலந்து இருக்கினம். ஒருத்தரும் துருவிக் கேக்காயினம்."

"அடையாள அட்டையப் பாத்தா தெரிஞ்சிருமே அக்கா?"

"முந்தி வேலை செய்த இடம் எண்டு சமாளிக்கலாம். நீ வாயைத் திறவாதை. உன்ரை கதையிலை கண்டுபிடிச்சுப்போடுவினம்."

அக்கா என்னை அந்த வீட்டைப் பார்க்கக் கூட்டிப்போனார். சுற்றிவர மதில். முன் விறாந்தையில் காலை வெயில் முழுவதும் விழுந்து கிடந்தது. தையல் இயந்திரத்தை எங்கே வைப்பது என்று கால் தானாகவே போய் அந்த இடத்தில் நின்றது. குசினிக்குள்ளேயே தண்ணீர்க் குழாய். வீட்டுக்குள் குளியலறை. பெண்கள் பள்ளிக்கூடம் நடந்துபோகும் தூரம். கிணற்றிலிருந்து அள்ளிக் குடித்துப் பார்த்தேன், இனிப்பாக இருந்தது. அன்ரி ஊரைக் கேட்டார். "வவுனியா" என்றார் அக்கா. நான் தலையாட்டினேன். ஒரு சொல் பேசவில்லை. "அமைதியான பிள்ளை" என்று அன்ரி என்னைப் புகழ்ந்தார்.

முன்பணம் கொடுத்து உடன்படிக்கை எழுதும் நாளுக்கு மூத்த மகள் வந்தாள். டிசம்பர் விடுமுறை. வீட்டைத் தானும் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து அப்பாவுடன் ரயிலேறி வந்தவள். அவருக்கு அன்று காய்ச்சல், விடுதிக்குப் பக்கத்தில் ஒரு லொட்ஜில் படுத்திருந்தார். அக்காவுக்குக் கடமை. நாங்கள் இருவர் மட்டும் போனோம். வவுனியாக் கதையை மகளிடம் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பஸ்ஸில் இரண்டு முறை வாயெடுத்து இரண்டு முறையும் வேறெதையோ சொன்னேன்.

அன்ரி அவளைக் கண்டதும் மகிழ்ந்து போனார். கன்னத்தைத் தடவி, "வடிவான பிள்ளை. வவுனியாவிலை எந்தப் பள்ளிக்கூடம்?" என்று கேட்டார்.

"வவுனியாவா? நாங்க ஹட்டனுங்க" என்றாள் மகள். அவளுக்குப் பெரியவர்களிடம் வெட்கமில்லை. "தோட்டத்துல இருந்து அப்பா டவுனுக்கு வந்துட்டாரு. எங்க பள்ளிக்கூடத்துல நான்தான் கணக்குல முதலாவது."

அன்ரி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். பிறகு அவர் மகளிடம், பின் வளவில் பூனைக்குட்டிகள் இருக்கின்றன, போய்ப் பாரம்மா என்று அனுப்பிவிட்டு, எனக்கு எதிரில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பிள்ளை, எனக்கு உதிலை ஒரு பிரச்சினையும் இல்லை. நீங்கள் படிச்ச ஆக்கள், பிள்ளையும் கெட்டிக்காரி. வீடு உங்களுக்குத்தான். ஆனால் ஒழுங்கையிலை, தெருவிலை ஆரும் கேட்டால் வவுனியா எண்டே சொல்லுங்கோ. பிள்ளையளுக்கும் சொல்லி வையுங்கோ. உங்கடை நன்மைக்குத்தான் சொல்லுறன்."

அவர் உண்மையாகவே என் நன்மைக்குத்தான் சொன்னார். அந்த முகத்தில் கள்ளமில்லை. அதுதான் என்னைத் தடுமாற வைத்தது. கோபப்பட ஆள் இல்லாத இடத்தில் எப்படிக் கோபப்படுவது? நாளைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு வந்து எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு, கொண்டுபோன காசோடு வெளியே வந்தேன்.

பஸ் தரிப்பிடத்தில் மகள் கேட்டாள். "எதுக்கும்மா அவங்க வவுனியான்னு சொன்னாங்க?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. "அப்ப ஸ்கூல்லயும் அப்புடித்தான் சொல்லணுமா? எத்தன வருசத்துக்கு?" என்று கேட்டாள். அவள் கோபத்தில் கேட்டிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அவளோ, சீருடை எத்தனை வேண்டும் என்று கேட்பதுபோலக் கேட்டாள். சரி என்று நான் சொன்னால் அப்படியே செய்யத் தயாராக இருந்தாள்.

கணவர் காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். "வெளிச்சம் எப்புடி?" என்றார்.

"நல்ல வெளிச்சம்."

போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாடிக்கைக்காரங்க வந்தா பேசாம தைக்க முடியாதே என்னால" என்றார். மறுநாள் காலையில் அன்ரிக்குத் தொலைபேசியில் நன்றி சொல்லி, வீடு வேண்டாம் என்றேன். "ஏன் பிள்ளை, நான் ஒண்டும் சொல்லேல்லையே" என்று அவர் வருத்தப்பட்டார்.

இனி இரண்டு வாரம்தான். யாழ்ப்பாணத்துக் கடலோரம், கொழும்புத்துறையில் ஒரு வீடு இருப்பதாக விடுதிச் சமையற்காரப் பெண் சொன்னார். ஆஸ்பத்திரியில் பலரும் முகத்தைச் சுளித்தார்கள். "கடற்கரைப் பக்கம். பொம்பிளைப் பிள்ளையளை வைச்சுக்கொண்டு அங்கையோ?" நானும் அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் போகாமலே இருந்தேன். எங்கள் ஊரைக் கேட்டு அமைதியானவர்களிடம் எனக்கு வந்த மனக்கசப்பு, இன்னொருவர் ஊரைப் பற்றி நான் அமைதியானபோது ஞாபகத்துக்கு வரவில்லை. பிறகுதான் வந்தது.

வீட்டுக்காரி சந்தியில் சின்னக் கடை வைத்திருப்பவர். மகளுக்குச் சீதனமாகக் கட்டிய வீடு, மகள் பிரான்சுக்குப் போய்விட்டாள். "எந்த ஊர், பிள்ளை?" என்று அவரும் கேட்டார். நான் மூச்சை இழுத்துக்கொண்டு, ஹட்டன், தோட்டத்தில் பிறந்தவர்கள், என் கணவர் தையற்காரர் என்று ஒரே மூச்சில் ஒப்புவித்தேன்.

"ஐயோ, அப்ப இந்த வெக்கை உங்களுக்கு ஒத்துவராதே" என்றார் அவர். "பின்னேரம் மூண்டு மணிக்கு இந்த அறைக்குள்ளை இருக்கேலாது. மாரியிலை ஒழுங்கை நிரம்பும். தண்ணி சவர், குளிக்கலாம், குடிக்கேலாது. குடிதண்ணிப் பவுசர் வரும், பிடிச்சு வைக்கோணும். பிறகு என்னைப் பேசக்கூடாது."

வீட்டின் குறைகளை எனக்கு முழுமையாகச் சொன்ன முதல் ஆள் அவர்தான். நாலு பக்கமும் சுவர். முன்னறையில் கடற்பக்கத்து வெளிச்சம். ஒத்துக்கொண்டேன்.

அவர் சொன்ன அத்தனையும் நடந்தது. முதல் மாதத்திலேயே எனக்கும் மகள்களுக்கும் முடி கொட்டியது. உப்புக்காற்றில் தையல் இயந்திரம் துருப்பிடித்து, கணவர் தினமும் எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டியதாயிற்று. மாரியில் ஒழுங்கைத் தண்ணீர் வாசற்படிவரை வந்தது. மூத்தவள் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். ஒரு நாள் சீருடையெல்லாம் சேறாகித் திரும்பியவள், புத்தகப் பையை வீசிவிட்டு, "கொக்குவில் வீட்டுக்கே போயிருக்கலாம்!" என்று கத்தினாள். அவளுக்காகத்தானே அந்த வீட்டை விட்டேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. அப்படிச் சொல்லாததை என் வாழ்க்கையில் செய்த சில நல்ல காரியங்களில் ஒன்றாக நினைக்கிறேன். அது முழு உண்மையும் இல்லை. எனக்காகவும்தான் விட்டேன். ஊமையாக இருந்து அமைதியான பிள்ளை என்று பெயர் வாங்கிய அந்த ஒரு மணி நேரத்தை என்னால் மீண்டும் தாங்கியிருக்க முடியாது.

அக்கா என்னோடு சில வாரம் சரியாகப் பேசவில்லை. அன்ரியிடம் அவர் பேச்சு வாங்கியிருந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பை நிறைய முருங்கைக்காயும் கத்தரிக்காயும் கொண்டு கொழும்புத்துறைக்கு வந்தார். முன்னறையில் உட்கார்ந்து, "உனக்கு நல்லது செய்யிறன் எண்டுதான் நினைச்சனான்" என்றார்.

"தெரியும் அக்கா."

"இல்லை, நான் அதைப் பிழையெண்டே அப்ப நினைக்கேல்லை. அதுதான் எனக்கு..." என்று முடிக்காமல் விட்டுவிட்டு, கணவர் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை எடுத்துப் பார்த்தார். போகும்போது தன் மகளின் கலியாணத்துக்குப் பதினொரு ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டுப் போனார்.

போன மாதம் இரண்டு வருட வாடகை உடன்படிக்கையைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. இப்போது கையில் கொஞ்சம் தெம்பிருக்கிறது, நல்ல தண்ணீர் உள்ள இடம் பார்க்கலாமா என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். கணவர், கால்வாசி ஊரின் அளவு என்னிடம் இருக்கிறது, நான் எங்கும் வரமாட்டேன் என்றார். இளையவள் தெருவில் உள்ள சிநேகிதிகளின் பெயர்களை வரிசையாகச் சொன்னாள். மூத்தவள் மீன்முள்ளைக் கவனமாக எடுத்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. பள்ளிக்கூடத்துக்கு அருகில் போவோம் என்றுதான் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"இருப்பம்" என்றாள். "ஆனா எனக்கு ஒரு சைக்கிள் வேணும். அதோட இந்தத் தண்ணிக்கு ஏதாவது வழி பண்ணுங்கம்மா."

அடுத்த நாள் தண்ணீர் வடிகட்டி விசாரிக்கப் போனேன். வாங்கிய கையோடு, கடைக்காரர் வீட்டுக்கே கொண்டுவந்து பொருத்தித் தருவதாகச் சொல்லி, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். ஒழுங்கையின் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் சொன்னேன். எழுதிக்கொண்டு, வேறொன்றும் கேட்காமல், சனிக்கிழமை வருகிறேன் என்றார்.