ஒருமுறை சொன்னால் போதும்

ரமணி மேடம் இறந்த செய்தி களப்பயிற்சி வாட்ஸ்அப் குழுவில் வந்தது. "தாயை இழந்தேன்" என்று முதலில் எழுதியவர், மேடத்தைக் களப்பயிற்சிப் பொறுப்பிலிருந்து நீக்கச் சொல்லிக் கையெழுத்து திரட்டிய மாணவி. இப்போது தி.நகரில் ஆலோசனை மையம் நடத்துகிறார். எப்போதிலிருந்து தாய் என்று கேட்டேன். குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். அதனால் இங்கே முகநூலில் எழுதுகிறேன்.

சாந்தோம் குப்பத்தை ஒட்டிய ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான் சமூகப் பணியாளர். மேடம் அடையாற்றில் ஒரு கல்லூரியில் உளவியல் பேராசிரியர். வியாழக்கிழமைகளில் முதுகலை மாணவர்களை அழைத்து வருவார். டாக்டர், நர்ஸ், நான், மாணவர்கள் எல்லோரும் ஒரே குழுவாக இந்த மக்களின் மனநலத்தைக் கவனிக்க வேண்டும் என்பது திட்டம். மாணவர்கள் காரில் வந்து இறங்குவார்கள். ஏழ்மையைப் பார்த்து உருகுவதற்கென்றே ஒரு முகம் வைத்திருப்பார்கள். மீன் நாற்றம் அடித்ததும் அது கழன்றுவிடும். மேடமும் லேசுப்பட்டவர் இல்லை. மயிலாப்பூரிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைத் தவிர வேறெதையும் குடிக்கமாட்டார். எனக்கு அவரைப் பிடிக்காது. அவருக்கும் அப்படித்தான்.

"கோபப்படறதுக்குத்தான் சம்பளம் வாங்கறயா நீ?" என்று ஒருநாள் கேட்டார்.

"நீங்க எதுக்கு மேடம் வாங்கறீங்க?" என்றேன்.

தேவகியக்கா மீன் விற்பவர். பெயரை மாற்றியிருக்கிறேன், எழுதச் சொன்னது அவரேதான். மகன் தற்கொலை செய்துகொண்டபின் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. "நானும் அவன்கிட்டயே போயிடறேன்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். நானும் நர்ஸும் கெஞ்சிக் கூட்டி வந்தோம்.

நர்ஸிடம் எல்லாம் சொன்னார். டாக்டரிடம் சொன்னார். பிறகு மாணவர்கள். ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு நோயாளியின் கதையை முழுதாகக் கேட்டு எழுதிக் கொடுத்தால்தான் மதிப்பெண். ஒரு மாணவி கேட்டாள். அழுதுகொண்டே சொன்னார். அடுத்து ஒருவன் நாற்காலியை இழுத்துப் போட்டு, "சொல்லுங்கம்மா, மொதல்லேர்ந்து" என்றான்.

அக்கா எழுந்துவிட்டார். "இன்னா நைனா, என் புள்ள செத்தது ஒனக்கு சினிமாவா? ஆளாளுக்குத் திருப்பிப் போடச் சொல்லிக்கினு கீறீங்க? ஒன் ஊட்ல எழவு வுழுந்தா இப்டித்தான் சொல்லிக்கினு இருப்பியா?"

கதவு அதிர வெளியேறினார். அந்தப் பையன் சொன்னது: "மேம், என் கேஸ் பாதியில நின்னுடுச்சு."

"உன் கேஸா?" என்றார் மேடம். "வெளில போய் நில்லு. உன்னைப் பார்த்தா அடிச்சுடுவேன்."

மறுநாள் காலை மேடம், அக்கா மீன் விற்கும் இடத்துக்கே வந்துவிட்டார். துணைக்கு நான். அக்கா செதில் சீவிக்கொண்டே, "இன்னா மாமி, வஞ்சிரம் வெட்டவா?" என்றார். சுற்றி எல்லோரும் சிரித்தார்கள்.

"தப்பு பண்ணிட்டேன். பசங்களைச் சொல்லலை, நான்தான்" என்றார் மேடம்.

"அதான் தெரியுதே. இன்னும் எத்தினி பேரு பாக்கி?"

"யாரும் இல்லை. ஒருத்தர்கிட்ட ஒரு தரம் சொன்னாப் போதும். மத்தவா வாயை மூடிண்டு உக்காந்திருப்பா."

"நீயுமா?"

"நானும்தான்."

"பாக்கலாம், போ."

வியாழக்கிழமை அக்கா வந்தார். என்னிடம் பேசினார். மேடம் கடைசிவரை வாய் திறக்கவில்லை. அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று, அவரோடு பழகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மெல்ல மெல்ல அக்காவுக்குத் தூக்கம் வந்தது. இன்றும் மீன் விற்கிறார். இன்றும் என்னைத் திட்டுகிறார்.

அதன்பின் அதுவே விதியானது. ஒரே அறை, கேட்பவர் ஒருவர், சொல்வது ஒருமுறை. குழு முழுவதும் அதை வைத்தே வேலை செய்யும். "அவா அழறது உங்களுக்கு ஹோம்வொர்க் இல்லை" என்பார் மேடம். மாணவர்கள் கொதித்தார்கள். தனித்தனிக் கதை இல்லாமல் மதிப்பெண் எப்படி? மனு போனது. கல்லூரி அவரை வகுப்பறைக்குள் திருப்பி அனுப்பியது; தனித்தனிக் கதையும் அதற்கான மதிப்பெண்ணும் திரும்பி வந்தன. ஓய்வு பெறும்வரை புள்ளியியல் நடத்தினார்.

நேற்று அதே கல்லூரி இரங்கல் கூட்டம் போட்டது. குளிரூட்டிய அரங்கம், வெஜ் பப்ஸ், காபி. "குழுப் பயிற்சியின் முன்னோடி" என்றார் கல்லூரி முதல்வர். எந்தக் குழு, என்ன பயிற்சி, யார் நிறுத்தியது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. "அன்பே உருவானவர்" என்று ஒரு பேராசிரியர் அழுதார். அன்பா? பொய் சொல்வதற்கும் ஒரு அளவு இருக்கிறது.

இன்று வியாழன். புது மாணவர்கள் வந்திருந்தார்கள். ஒரு பெரியவர் என்னிடம் எல்லாம் சொல்லி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் அவர் எதிரே போய் உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள்.

"அவர் சொல்லிட்டாரு. எங்கிட்ட கேளு, நான் சொல்றேன்" என்றேன்.

"எனக்கு மார்க் போயிடும்."

"போகட்டும்."

"கம்ப்ளெய்ன்ட் பண்ணுவேன், மேம்."

"பண்ணு. ஒரு பேராசிரியரையே துரத்தினவங்க, என்னைத் துரத்த எவ்ளோ நேரமாகும்?"

பெரியவர் மருந்து வாங்கப் போனார். அந்தப் பெண் முறைத்துக்கொண்டே நின்றாள்.

மேடத்தின் அன்பையும் அரவணைப்பையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் அவற்றைப் பார்த்ததில்லை. அவருடைய பொல்லாத குணத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். நேற்று அந்த அரங்கத்தில் அதற்கு வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை.