சுவர் காய்வதற்குள் பினிஷ்

பினிஷ் என்கிற இங்கிலீஷ் வார்த்தைக்கு என்னைவிட அதிக அர்த்தம் தெரிந்த ஆள் மைசூரில் யாராவது இருந்தால் என் எதிரே வந்து உட்காரட்டும். நான் மூன்றாம் கிளாசோடு படிப்பைப் பினிஷ் பண்ணியவள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்த ஊரில் என் ஆட்கள் பினிஷிங் செய்து கொடுத்த கட்டடங்களைப் போய்ப் பாருங்கள். கல்யாண மண்டபம் இரண்டு, ஆஸ்பத்திரி ஒன்று, வீடுகளுக்குக் கணக்கே இல்லை. சுவரைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினால் போதும், கொத்தனார் அன்றைக்குக் காபி குடித்துவிட்டு வந்தானா, குடிக்காமல் வந்தானா என்று சொல்லிவிடுவேன்.

போன மாதம் ஒரு இன்ஜினியர் பையன், "பினிஷ்னா முடிவும்மா, அவ்வளவுதான்" என்று எனக்கே பாடம் எடுத்தான். அவ்வளவுதானாம்! சாப்பிட்டுத் தட்டைக் கழுவினாலும் பினிஷ், ஓட்டப்பந்தயத்தில் கயிற்றைத் தொட்டாலும் பினிஷ், ஆள் செத்தாலும் பினிஷ். எங்கள் தொழிலிலோ பினிஷிங் ஆரம்பித்த பிறகுதான் வீட்டுக்கு முகமே வரும். இத்தனையையும் நான் ஒரே மத்தியானத்தில் கற்றுக்கொண்டேன். அப்போது எனக்கு எட்டு வயது.

எங்களுக்கு ஊர் மார்டள்ளி, காட்டோரத்துத் தமிழ்க் கிராமம். இரண்டு வருஷமாக மழை இல்லாமல் போகவே, காட்டையும் மாட்டையும் அப்பாவிடம் விட்டுவிட்டு அம்மாவும் நானும் மாமாவோடு மைசூருக்கு வந்துவிட்டோம். மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவர் கொத்தனார், அம்மா அவருக்குச் சித்தாள். கட்டுகிற வீட்டின் பக்கத்திலேயே தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தோம்.

மாமா கலவை அடிப்பதில் புலி. பேச்சில் அதைவிடப் பெரிய புலி. பினிஷிங்கில் மட்டும் அவர் கை பட்ட சுவர் காவிரித் தண்ணீர் மாதிரி அலை அலையாக வரும். மேஸ்திரி எத்தனையோ நாள் பொறுத்துப் பார்த்தார். கன்னடக்காரர், தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். அன்று காலை மற்ற ஆட்களை வேறொரு வேலைக்கு அனுப்பிவிட்டு மாமாவிடம் சொன்னார்: "நோடப்பா, இந்த ஹால் சுவரை நீ ஒத்தையா பினிஷ் பண்ணு. அஞ்சு மணிக்கு வந்து பாக்கறேன். சென்னாகி, நல்லா வந்திருந்தா இரு. வரலைன்னா அக்காவையும் பாப்பாவையும் கூட்டிட்டு ஊருக்கு பஸ் ஏறு."

ஊருக்குப் பஸ் ஏறினால் அங்கே அடுப்பில் வைக்க ஒன்றும் இல்லை. அது எட்டு வயசுக்காரிக்கும் தெரியும்.

மாமா சும்மா சொல்லக்கூடாது, மத்தியானத்துக்குள் சுவர் முழுக்கக் கலவை அடித்து மட்டம் பார்த்துவிட்டார். இனி ஈரம் கொஞ்சம் இழுக்கும்வரை காத்திருந்து, சிமெண்ட் பால் தெளித்து, கரணையால் இழுத்து இழுத்து வழுவழுப்பாக்க வேண்டும். சீக்கிரம் தொட்டால் கலவை கையோடு வரும். தாமதித்தால் கல்லாகிவிடும், அப்புறம் கொத்தி எடுக்க வேண்டியதுதான். அந்தக் காத்திருக்கிற நேரத்தில் பீடி குடிக்கலாம் என்று மாமா ஹால் வாசலில் இருந்த செங்கல் அடுக்கில் போய் உட்கார்ந்து கையை ஊன்றினார். ஊன்றின இடத்தில் தேள்.

அவர் போட்ட சத்தத்துக்குத் தெருநாய்கள் எல்லாம் ஓடின. வலது கை, நடுவிரல். அம்மா துண்டைக் கிழித்துக் கட்டுவதற்குள் கை பன் மாதிரி வீங்கிவிட்டது.

"அக்கா, நான் பினிஷ்! அத்தானுக்கு லெட்டர் போட்டுரு!"

"நீ பினிஷ் ஆகறது கெடக்கட்டும்டா. சுவரு பினிஷ் ஆகலியே, அதுக்கு வழி சொல்லு."

அம்மா உள்ளே போய்ச் சுவரில் ஒரு விரலை வைத்துப் பார்த்தாள். லேசாகத் தடம் விழுந்தது. திரும்பி என்னைப் பார்த்து, "கண்ணு, மாமன் கரணைய எடுத்துட்டு வா" என்றாள்.

சித்தாள் கலவைப் பாண்டு தூக்கலாம், தண்ணீர் ஊற்றலாம், கலவை வெட்டலாம். கரணையை மட்டும் தொடக்கூடாது. பெண்பிள்ளை தாண்டினாலே கரணையைக் கழுவி வைக்கிற ஆட்கள் எங்களில் இருந்தார்கள். மாமா வலியை மறந்து எழுந்து உட்கார்ந்தார்.

"அக்கா, வேண்டாம்! பொம்பளை கரணை புடிச்சா சுவரு நிக்காது!"

"நிக்கலைன்னா உன்னைய முட்டுக் குடுத்து நிறுத்தறேன். வாய மூடு."

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அம்மா சாரத்தில் ஏறினாள். நான் வாளியில் சிமெண்ட் பால் கரைத்துக் கொடுக்கிறேன், அவள் மட்டையால் தெளிக்கிறாள், கரணையை வீசுகிறாள். முதல் வீச்சிலேயே கோடு விழுந்தது. "அழுத்தாதே அக்கா!" என்றார் மாமா. இரண்டாவது வீச்சில் கோடு போய்விட்டது. மூன்றாவதில் சுவர் பளபளத்தது. எத்தனை வருஷம் வீட்டுத்தரை மெழுகிய கை! எத்தனை மாசம் கீழே நின்று பாண்டைத் தூக்கிக் கொடுத்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்த கண்!

ஜன்னல் பக்கம் வெயில் அடித்து அங்கே முதலில் காய ஆரம்பித்தது. "அம்மா, அந்தப் பக்கம் வெளுக்குது! அங்க வா!" என்று நான் கத்த, அவள் பலகையில் அங்கே ஓட, அதற்குள் இந்தப் பக்கம் வெளுக்க, ஓட்டப்பந்தயம்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை கயிற்றைத் தொட்டுப் பரிசாகச் சோப்புப் பெட்டி வாங்கியிருக்கிறேன். அது என்ன ஓட்டம், இதுதான் ஓட்டம். மாமா முதலில் அழுதார், பிறகு யோசனை சொன்னார், பிறகு யோசனை சொல்வதையும் நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி முழம் பாக்கி இருக்கும்போது மேஸ்திரியின் சைக்கிள் மணி கேட்டது. அம்மா நாலே வீச்சில் அதை முடித்துக் குதித்து இறங்கினாள். கரணையை மாமாவின் மடியில் போட்டாள், வீங்கின கையின் மேல் துண்டைப் போர்த்தினாள், காலிப் பாண்டை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

மேஸ்திரி டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடித்துப் பார்த்தார். அப்படி அடித்தால் இம்மி மேடும் நிழல் காட்டும். நிழலே விழவில்லை. மேலிருந்து கீழே, இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, எங்கேயும் விழவில்லை.

"இது யார் கை?"

"என்ர கைதானுங்க" என்றார் மாமா, கூசாமல்.

எனக்குப் பொறுக்குமா? "இல்ல, எங்கம்..." என்று ஆரம்பித்தேன். அம்மா என் தொடையில் கிள்ளின கிள்ளு மூன்று நாள் கன்றிக் கிடந்தது. மேஸ்திரி திரும்பி என்னைப் பார்த்தார். அப்புறம் அம்மாவைப் பார்த்தார். அவள் தலைமுடியில் சிமெண்ட் பால் திட்டுத் திட்டாகக் காய்ந்திருந்தது. அதையும் பார்த்துவிட்டு டார்ச்சை அணைத்தார்.

"நாளையிலிருந்து உள் ரூம் எல்லாத்துக்கும் நீயே பினிஷிங் பண்ணப்பா" என்று மாமாவிடம் சொன்னார். "ஆனா கதவைச் சாத்திட்டுப் பண்ணணும். காத்து படக்கூடாது. உன் சித்தாளைத் தவிர எவனும் உள்ளே வரக்கூடாது, நான் சொன்னேன்னு சொல்லு."

பினிஷிங்குக்குக் கதவைச் சாத்துகிற வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. அது எனக்கு அன்றைக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஓடி ஜெயித்தது எங்கம்மா, சோப்புப் பெட்டி வாங்கியது மாமா, அதைக் கொடுத்தது கண் தெரியாத இந்த மேஸ்திரி. அன்று ராத்திரி எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளால் எல்லாம் அவரை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். அம்மாவிடமும் பேசவில்லை. இவ்வளவு பெரிய வேலையைச் செய்துவிட்டு வாயைத் திறக்கப் பயப்படுகிறாளே என்று அவள் மேல்தான் அதிகக் கோபம்.

மறுநாள் காலை மூவரும் உள் ரூமுக்குப் போனோம். கோபத்தில் நான் உள்ளே நுழையாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன். மாமா கட்டுப் போட்ட கையோடு ஒரு மூலையில் சம்மணம் போட்டு உட்கார, அம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். நான் வெளியே மணல் குவியலை எட்டி எட்டி உதைத்தேன். உள்ளேயிருந்து கரணை சுவரில் இழுபடும் சத்தம் வந்தது, நிதானமாக, அவசரமே இல்லாமல். கொஞ்ச நேரத்தில் அம்மா சிரிக்கிற சத்தமும் வந்தது. மைசூருக்கு வந்த பிறகு அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை.

பேரையெல்லாம் மாமாவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு இவளுக்கு என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று நான் இன்னும் ஓங்கி ஒரு உதை விட்டேன்.